"கவனமாப் பாத்துக்கோங்க" என்பது ஆலோசனை அல்ல

போன வருஷம் தங்கச்சிக்குப் பையன் பிறந்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கித் தருவது தாய்மாமன் கடமை. என்ன தொட்டில் வாங்குவது என்று கேட்டதற்கு அம்மா சிரித்தார். "எதுக்குடா காசைக் கரியாக்குற? என் நூல் சேலை ரெண்டு பழசா மெத்துன்னு இருக்கு. உங்க ரெண்டு பேரையும் அதுலதான் வளத்தேன்." அம்பத்தூரில் எங்கள் போர்ஷனில் ஹால் சீலிங்கில் ஃபேன் கொக்கியை ஒட்டி இன்னொரு கொக்கி உண்டு. அது எதற்கு என்று இந்த ஏரியாவில் யாரும் கேட்கமாட்டார்கள்.

தங்கச்சி கையில் வேறொன்று இருந்தது. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனை டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த துண்டுக் காகிதம். "குழந்தையைத் தனியாக, மல்லாந்த நிலையில், தொட்டிலில் உறங்க வைக்கவும்." கீழே மரச்சட்டம் போட்ட குட்டிக் கட்டில் படம். "அண்ணா, நீதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பியே, எது சரின்னு பாத்துச் சொல்லேன்" என்றாள்.

சில வாரம் படித்தேன். இது மருத்துவ ஆலோசனை இல்லை, நான் மருத்துவனும் இல்லை. ஒரு வாக்கியத்தைப் பற்றிய விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தின் மூன்று சொற்களையும், காகிதத்தில் இல்லாமல் எல்லார் வாயிலும் இருக்கும் நாலாவது சொல் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

மல்லாந்து

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் இதுதான் தங்கம். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஒரு சொல் காப்பாற்றிய உயிர்களைப் போல் பல மருந்துகள் காப்பாற்றியதில்லை.

கதை சுருக்கமாக இது. பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது. 1950களின் நடுவிலிருந்து அது குழந்தையைக் குப்புறப் போடச் சொன்னது. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சில் ஏறிவிடும் என்பது ஒரு காரணம். மேற்கு நாடுகளில் மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். ஆரோக்கியமாகத் தூங்கப்போன குழந்தைகள் காலையில் இறந்து கிடப்பது அங்கே ஒரு நோயாகவே பெயர் பெற்றது: திடீர் சிசு மரணம். 1985ல் டேவிஸ் என்ற மருத்துவர் ஹாங்காங்கில் இது ஏன் இவ்வளவு அபூர்வம் என்று எழுதினார். அங்கே குழந்தைகளை மல்லாத்திப் போடுவதுதான் வழக்கம். 1987ல் நெதர்லாந்திலும், 1991ல் பிரிட்டனிலும், 1994ல் அமெரிக்காவிலும் "மல்லாத்திப் போடுங்கள்" பிரச்சாரம் தொடங்கியது. அமெரிக்காவில் 1990ல் லட்சம் பிறப்புக்கு 130 ஆக இருந்த திடீர் சிசு மரணம், 2020 வாக்கில் 40க்கும் கீழே வந்தது. (இதில் ஒரு பகுதி, சாவுக்கு எழுதும் காரணத்தின் பெயர் மாறியதால் வந்த குறைவு. மீதி நிஜம்.) 2005ல் ரூத் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குப்புறப் போடுவது ஆபத்து என்பதற்கு 1970லேயே போதிய ஆதாரம் இருந்திருக்கிறது. அப்போதே சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேல், பணக்கார நாடுகளில் மொத்தமாகக் குறைந்தது ஐம்பதாயிரம் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

நம் பாட்டிமார் இந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆனால் இப்போது தமிழ் வீடியோக்களில் "குப்புறப் போட்டா நல்லா அசந்து தூங்கும்" என்று சொல்லித்தருகிறார்கள். அசந்து தூங்கும் என்பது உண்மைதான். அதுதான் ஆபத்தும். மூச்சுக்குச் சிரமம் வரும்போது திடுக்கிட்டு விழிப்பது குழந்தையின் பாதுகாப்பு. குப்புறக் கிடக்கும்போது அந்த விழிப்பு சுலபமாக வருவதில்லை. குறைமாதக் குழந்தைகளை மருத்துவமனையில் குப்புறப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அதையே செய்கிறவர்கள் உண்டு. அங்கே கருவி மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறது, வீட்டில் யார் எண்ணுவது?

"பால் கக்கினா மூச்சுல ஏறிடாதா?" என்பது அம்மாவின் கேள்வி. ஸ்பாக்கின் பயமும் இதேதான். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் இருக்கிறது. எதுக்களித்து வரும் பால் மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும், அது அவ்வளவு எளிதில்லை. குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். பிரச்சாரத்துக்குப் பிறகு அந்த நாடுகளில் புரையேறிச் சாவது கூடவில்லை. காகிதத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நடந்த பாதிச் சண்டை மிச்சம். காரணம் சொல்லாத ஆலோசனையை எந்த மாமியாரும் பாட்டியும் மதிக்கப்போவதில்லை, மதிக்கவும் வேண்டியதில்லை.

தொட்டிலில்

என் பெரிய வழக்கு இந்தச் சொல்லோடுதான்.

மூல வாக்கியம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நாலு கால், நாலு பக்கமும் கம்பி, அடியில் தட்டையான கெட்டி மெத்தை. ஆடாது, வளையாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் 2022 பரிந்துரை, படுக்கையின் சாய்வு 10 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்று அளவே சொல்கிறது. அதைத் தமிழில் "தொட்டில்" என்று எழுதியாகிவிட்டது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தொட்டில் என்றால் எது? சேலையில் கட்டிய தூளி. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் ஏணை என்பார்கள். அல்லது கடையில் விற்கும் ஸ்ப்ரிங் தொட்டில். இரண்டும் தொங்கும், இரண்டும் வளையும். "தட்டையான இடத்தில் போடு" என்ற ஆலோசனை மொழிபெயர்ப்பில் "வளைந்த துணியில் போடு" ஆகிவிட்டது. காகிதத்தை என் அம்மா வாசித்துவிட்டு வெற்றியோடு சொன்னதும் அதுதான்: "பாத்தியா, தொட்டில்லன்னுதான் போட்டிருக்கு." பக்கத்தில் இருக்கும் படத்தை யார் பார்க்கிறார்கள்?

சரி, தூளி உண்மையிலேயே ஆபத்தா? இங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தூளி என்றால் கருப்பையின் கதகதப்பு, பாட்டியின் ஞானம். இன்னொரு கட்சிக்குத் தூக்குக்கயிறு. இரண்டு கட்சியும் தூளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

உள்ளே நடப்பது இது. சேலை பாரத்தில் கீழே வளைகிறது, குழந்தையின் முதுகும் வளைகிறது. பச்சிளங்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலம் இல்லை. முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மென்மையான மூச்சுப்பாதை மடங்கும். துணியின் இரண்டு பக்கமும் முகத்தருகே கூடினால் விட்ட காற்றையே திரும்ப இழுக்க நேரும். சேலையை அகட்டிவைக்கக் குறுக்கே கட்டை போடும் பழக்கம் இதற்கு ஓரளவு பதில். போட்டவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்ததோ இல்லையோ, நல்ல காரியம்.

வளைவின் ஆபத்து ஏழை வீட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் கம்பெனி "ராக் அண்ட் ப்ளே" என்று சாய்வான தூங்குதொட்டில் ஒன்றை விற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2022ல் சாய்வுத் தொட்டில்களையும், கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். நம் ஊர்க் கடைகளில் அந்தப் பஞ்சுத் தடுப்பு இன்னமும் "பேபி செட்" என்று ஜிகினா உறையில் தொங்குகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014ல் நியூசிலாந்தில் 24 ஆரோக்கியமான குழந்தைகளை வைத்து, துணி ஊஞ்சல் தொட்டிலையும் சாதாரணப் படுக்கையையும் ஒப்பிட்டார்கள். பகல் தூக்கத்தில், மல்லாந்த நிலையில், ரத்த ஆக்ஸிஜனில் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வு. பக்கத்தில் ஆள் இருந்தார்கள், தொட்டில் கடையில் வாங்கியது, குழந்தைகள் புரளத் தெரியாத வயது. இதை வைத்துத் தூளிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. "போட்ட உடனே செத்துடும்" என்று பயமுறுத்தவும் முடியாது.

இங்கே "புரளத் தெரியாத வயது" என்பதைக் கவனியுங்கள். தூளியின் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை, வயதோடு மாறுகிறது. மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு குழந்தை புரண்டால் முகம் துணியில் பதியும், திரும்பி வர இடம் இருக்காது. உட்காரத் தெரிந்தபின் எட்டிப் பார்த்து விழும், அல்லது துணியில் கழுத்து மாட்டும். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பாருங்கள். குழந்தை கையூன்றித் தலை தூக்கி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், தாலாட்டின் தால் ஏழாம் மாதம் என்பது பொதுக் கணக்கு. அதாவது உடம்பைத் தூக்கத் தெரிந்த பிறகும் நாம் தாலாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நல்ல கவிதை மரபுதான். தூளிக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவராது.

இன்னொன்று, எந்தக் காகிதத்திலும் இல்லாதது. தூளிச் சேலை கழுத்தில் இறுக்கிக் குழந்தை பலி என்று தமிழ்ப் பேப்பர்களில் திரும்பத் திரும்ப வரும் செய்திகளைப் படித்துப் பாருங்கள். நான் படித்தவரை, பெரும்பாலும் செத்தது தூளியில் கிடந்த கைக்குழந்தை இல்லை. தம்பி தங்கைக்குக் கட்டிய தூளியில் ஊஞ்சலாடிய, சேலையை முறுக்கிச் சுற்றிய, எட்டு பத்து வயது அண்ணனோ அக்காவோ. குழந்தையை எடுத்த பிறகும் சேலை தொங்கிக்கொண்டே இருக்கிறது, பெரியவர்கள் வேலைக்கோ கடைக்கோ போயிருக்கிறார்கள். இதற்கு வேண்டிய ஆலோசனை ஒரே வரி: குழந்தை வெளியே வந்ததும் சேலையைத் தூக்கி மேலே முடிந்துவிடு. இந்த வரியை யாரும் அச்சடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஏனென்றால் மூல ஆங்கிலத்தில் அது இல்லை.

தனியாக

"தனியாக" என்று படித்ததும் தங்கச்சி கேட்டாள், "எந்த ரூம்ல?" எங்கள் வீட்டில் பெட்ரூம் ஒன்று. எஸ்டேட் பக்கம் மண்ணூர்பேட்டையிலும் பட்டரவாக்கத்திலும் ஒரே அறையில் குடும்பமே குடியிருக்கிறது. மூலப் பரிந்துரைகூடத் தனி அறை கேட்கவில்லை. பெற்றோர் அறையிலேயே, தனிப் பரப்பில், குறைந்தது ஆறு மாதம் என்கிறது. துண்டுக் காகிதத்துக்கு வரும்போது பாதி உதிர்ந்துவிட்டது.

ஒரே படுக்கையில் சேர்ந்து படுப்பது பற்றி மேற்கிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கக் கழகம் வேண்டவே வேண்டாம் என்கிறது. பிரிட்டனில் எப்போது ஆபத்து, எப்படிக் குறைக்கலாம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். எனக்குப் பின்னதே நேர்மையாகப் படுகிறது. பிரிட்டனில் பிராட்ஃபோர்டு நகரத்தில் ஹெலன் பால் குழுவினர் 2012ல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல உதாரணம். அங்கே பாகிஸ்தானியக் குடும்பங்களில் அம்மாவோடு தூங்குவது சகஜம், ஆனால் வெள்ளையர் குடும்பங்களைவிடத் திடீர் சிசு மரணம் குறைவு. அந்தத் தாய்மார்கள் புகைப்பதும் குடிப்பதும் அபூர்வம், குழந்தையைத் தனி அறையில் விடுவதும் அபூர்வம். 2014ல் பீட்டர் பிளேர் குழுவினர் கணக்கு இன்னும் துல்லியம்: சோபாவில் குழந்தையோடு தூங்கிப்போனால் ஆபத்து சுமார் 18 மடங்கு, குடித்தவர் பக்கத்தில் படுத்தாலும் அதே 18 மடங்கு. இந்த இரண்டும் புகையும் இல்லாத இடத்தில் சேர்ந்து படுப்பதால் மட்டும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

இதை அம்பத்தூருக்கு மொழிபெயர்த்தால் வாக்கியமே மாறிவிடும். "தனியாகப் படுக்க வை" என்பதைவிட, "குடிச்சுட்டு வந்தவர் இன்னிக்கு ஹால்ல படுக்கட்டும்" என்பது இங்கே அதிக உயிர் காக்கும். "ராத்திரி பால் கொடுக்கும்போது சோபாவுல சாயாதே, கண் அசந்துடும்" என்பதும் அப்படித்தான்.

பரப்பு விஷயத்தில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது, வெட்கப்பட்டு மறைத்துவைத்திருக்கிறோம்: தரையில் விரித்த பாய். கெட்டி, தட்டை, கீழே விழ உயரமே இல்லை, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே குழந்தை சிக்கும் இடுக்கும் இல்லை. மேலே ஒரு மடிப்புப் பருத்தித் துணியை இறுக்கிச் செருகினால் போதும். புதைகிற ஃபோம் மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை, தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை எல்லாம் நல்லெண்ணத்தில் குழந்தையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் சுவர்கள். தலை தட்டையாகிறதே என்ற கவலைக்கு, குழந்தை விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுவதே மருந்து.

கொசு? அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம் ஏரிகளைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது அலட்சியமான கேள்வி இல்லை. 2003ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்தார்கள். ஜன்னலை மூடிச் சுருளைக் கொளுத்துவதைவிட, ஜன்னலைத் திறந்து வலையை இழுத்துக் கட்டுவது மேல். வலை முகத்தில் சரியாதபடி உயரமாக இருக்கட்டும். ஃபேன் ஓடட்டும். "காத்து பட்டா சளி பிடிக்கும்" என்று மேயில்கூடத் தொப்பியும் சாக்ஸும் மாட்டுகிறோம். அதிகச் சூடு குழந்தைக்கு ஆபத்து என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். கலிஃபோர்னியாவில் 2008ல் வெளியான ஓர் ஆய்வில், அறையில் ஃபேன் ஓடிய குழந்தைகளுக்குத் திடீர் சிசு மரண ஆபத்து 72 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஒரு ஆய்வுதான், வேதவாக்கு இல்லை. ஆனால் ஃபேனை நிறுத்தச் சொல்கிற ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை.

கவனமாக

நாலாவது சொல் இது. டாக்டர், பக்கத்து வீட்டம்மா, செய்தி வாசிப்பவர், எல்லாரும் கடைசியில் சொல்வது: "கவனமாப் பாத்துக்கோங்க." இந்த வார்த்தைமேல் எனக்குக் கோபமே உண்டு.

அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு கைக்குழந்தை தவறி, கீழே இருந்த கூரை ஷீட்டின் விளிம்பில் தொங்கியது. கீழே பெட்ஷீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையை எட்டிப் பிடித்தார்கள். குழந்தை பிழைத்தது. வீடியோவை ஊரே பார்த்தது. பிறகு ஊரே அந்தத் தாயைத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தது. "கவனமில்லாத அம்மா." மூன்று வாரம் கழித்து, கோவைப் பக்கம் தன் பெற்றோர் வீட்டில் அந்தத் தாய் உயிரை விட்டார். ஒரு சாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் நாம் எழுதியவை எல்லாம் இன்னமும் இணையத்தில் கிடக்கின்றன. பால்கனிக் கம்பியின் உயரம், இடைவெளி, அந்த ஷீட், அதைப் போன்ற ஆயிரம் பால்கனிகள் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

"கவனம்" என்ற சொல் செய்கிற வேலை இதுதான். வீட்டை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொள்ளும். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் பதினாலு முதல் பதினேழு மணி நேரம் தூங்குகிறது. அத்தனை நேரமும் ஒருத்தி கண்கொட்டாமல் பார்த்திருப்பது நடக்காத காரியம். அவளும் தூங்க வேண்டும். தூக்கமில்லாதவள்தான் சோபாவில் அசந்துபோகிறாள், தூளிக்கட்டையைச் செருக மறக்கிறாள். யாரும் பார்க்காத நேரத்திலும் எந்த ஏற்பாடு குழந்தையைக் காக்குமோ, அதுதான் பாதுகாப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் காக்கும் என்றால் அது ஏற்பாடே இல்லை, காவல்.

அரசுக் கணக்கிலும் இந்த வீட்டுச் சாவுகள் தெளிவாகத் தெரிவதில்லை. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரம் பிறப்புக்குத் தமிழ்நாட்டின் சிசு மரணம் 13, இந்தியா 28. பெருமைப்படலாம். ஆனால் அதே ஆண்டு நாட்டில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. தூக்கத்தில் போன குழந்தைக்கு "பால் புரையேறி" என்றோ "விதி" என்றோ எழுதி முடித்துவிடுகிறோம். எண்ணப்படாத சாவுக்கு ஏற்பாடும் வராது.

வேறு வழி

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் இதே சிக்கல் இருந்தது. அம்மாவோடு படுப்பது அவர்கள் பண்பாடு, "தனியாகப் படுக்க வை" என்ற பிரச்சாரம் காதில் ஏறவில்லை. டேவிட் டிபீன் லீச் என்ற மாவோரி மருத்துவரும் நெசவாளர்களும் சேர்ந்து, 2000களின் நடுவில், உள்ளூர் நாரில் பின்னிய தட்டையான கூடை ஒன்றை முன்வைத்தார்கள். பெயர் வஹாகுரா. பெற்றோர் படுக்கையிலேயே வைக்கலாம், குழந்தைக்குத் தனிப் பரப்பு. 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதன் பிளாஸ்டிக் வடிவத்தை ஏராளமாகக் கொடுத்தார்கள். 2009க்கும் 2015க்கும் இடையே அந்நாட்டில், பிறந்து முதல் வாரம் தாண்டிய சிசுக்களின் மரணம் 29 சதவீதம் குறைந்தது. அவர்கள் யாரையும் திட்டவில்லை, இருக்கும் பழக்கத்துக்கு ஒரு பொருளைக் கொடுத்தார்கள்.

நம்மிடம் பொருள்கூட இருந்தது. 2015ல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் ஒரு குட்டி மெத்தையும் கொசுவலையும் உண்டு. அந்த மெத்தை கெட்டியாகவும் தட்டையாகவும் இருந்து, அதன்மேலேயே மல்லாந்து கிடக்கும் குழந்தையின் படமும் நாலு வரித் தமிழும் அச்சடித்திருந்தால் எந்தத் துண்டுக் காகிதமும் வேண்டாம். துணி கிழிகிறவரைக்கும் ஆலோசனை கூடவே இருக்கும்.

கடைசியில் தாய்மாமன் சீராக நான் வாங்கியது ஒரு கோரைப்பாயும் உயரமான கொசுவலையும்தான். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அதனால் ஒரு உடன்படிக்கை போட்டோம். பகலில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. குறுக்குக்கட்டை கட்டாயம், தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரம் இல்லை, கீழே பாய். முகம் மேலே, முகவாய் நெஞ்சில் படாமல். தூங்கியதும் பாய்க்கு மாற்றம். குழந்தை வெளியே வந்ததும் சேலை மேலே முடிச்சு. ராத்திரியில் பாய் மட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு மாதக் கணக்கு சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். அதற்கு நம்மிடமே ஒரு நாள் இருக்கிறது. குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவிப்பது வழக்கம். "கொழுக்கட்டை அவிக்கிற அன்னிக்குத் தூளியைக் கழட்டிடுவோம்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அதுவும் ஒரு சடங்குதான்" என்றார்.

நாலரை மாதத்தில் பையன் புரண்டான். அம்மா கொழுக்கட்டை அவித்துவிட்டு, ஸ்டூலில் ஏறித் தானே சேலையை அவிழ்த்து மடித்து பீரோவில் வைத்தார். கொக்கி அங்கேயே இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் பையன் பாயில் தூங்கினான், பக்கத்தில் தங்கச்சியும் தூங்கினாள். யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.